கடைசி அத்தியாயம் நூலில் மட்டும்

அவனியாபுரத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு நைட்டி கம்பெனி இருக்கிறது. முன் ஹாலில் நாற்பது தையல் மெஷின்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்திக்கொண்டே இருக்கும். அங்கே யார் என்ன பேசினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் பின்கட்டில்தான். தைத்து வந்த நைட்டிகளில் நூல் பிசிறு வெட்டி, பட்டன் பார்த்து, மடித்துக் கவரில் போடுவதற்குப் பன்னிரண்டு பெண்கள் அங்கே வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை வேலை பார்ப்பது பதினோரு பேர்தான். பன்னிரண்டாவது ஆள் பாண்டிச்செல்வி. அவள் கதை படிப்பாள்.

இதை வேலைக்கள்ளத்தனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த இரண்டு மணி நேரத்தில் பாண்டிச்செல்வி பங்குக்கு வரும் துணியை மற்ற பதினோரு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்து முடித்துவிடுவார்கள். கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கிறது, காது மட்டும் சும்மா கிடக்கிறதே, அதற்கும் ஒரு தீனி வேண்டாமா? சூப்பர்வைசர் வெள்ளைத்துரை முதலில் குதித்துத்தான் பார்த்தார். கதை ஓடும்போது யாரும் தண்ணீர் குடிக்க எழுந்து போவதில்லை, ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுப்பதில்லை, பிசிறும் சுத்தமாகப் போகிறது என்று கண்டதும் அடங்கிவிட்டார். இப்போதெல்லாம் கையில் ஒரு நோட்டை விரித்துக்கொண்டு கதவோரம் வந்து நிற்கிறார். அந்த நோட்டில் அவர் ஒரு தாளைக்கூடத் திருப்பியதில்லை என்பது பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.

பாண்டிச்செல்வி பிளஸ் டூ வரை படித்தவள். மாமியார் பேசினால் மாமியார் குரல், கதாநாயகன் பேசினால் தொண்டையைக் கட்டிக்கொண்டு ஒரு குரல் என்று படிப்பதில் கெட்டிக்காரி. நாளுக்கு ஒரு தரம் மூன்றரை மணிக்குத் தலைக்கு மேலே விமானம் இறங்கும். தகரக் கூரை அதிரும். அவள் சரியாக அந்த நேரத்துக்குக் கதையைக் கழுத்தைப் பிடிக்கும் இடத்தில் கொண்டு வந்து நிறுத்துவாள். விமானம் போய் முடிகிற வரை பதினோரு பெண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அரை நிமிஷத்தில் அவளுக்கு இருக்கும் பெருமை கலெக்டருக்குக்கூட இருக்காது.

கதைகள் செல்போன் வழியாக வந்தன. எழுதுகிற பெண்கள் தங்கள் வலைத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போடுவார்கள். கதை முடிந்ததும் பத்து நாள் திறந்து வைப்பார்கள். பிறகு எடுத்துவிட்டுப் புத்தகமாக விற்பார்கள். இந்தப் பத்து நாளைக்குள் எவனாவது ஒரு புண்ணியவான் முழுவதையும் சுருட்டி, பிடிஎஃப் ஆக்கி, ஒரு குரூப்பில் போட்டுவிடுவான். பதினெட்டாயிரம் பேர் உள்ள அந்தக் குரூப்பில் பாண்டிச்செல்வியும் ஒருத்தி. புண்ணியவான் முதல் வேலையாக முன்பக்கத்தை வெட்டிவிடுவான். எழுதியவர் ஊர், பேர், உரிமை என்று வில்லங்கம் எல்லாம் அதில்தானே இருக்கிறது? அதனால் பாண்டிச்செல்வி படித்த நூற்றுச் சொச்சம் கதைகளும் நேராக ‘அத்தியாயம் ஒன்று’ என்றுதான் ஆரம்பிக்கும்.

அவள் முறையாக வாங்கிப் படிக்க முயற்சி செய்யாதவள் இல்லை. ஒரு தரம் செய்தாள். கார்டு நம்பரைத் தட்டினாள். ஓடிபி அவள் புருஷன் உக்கிரபாண்டியின் போனுக்குப் போய்விட்டது. அவன் அப்போது நாமக்கல்லில் லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். உடனே கூப்பிட்டான்.

“இந்தா செல்வி, எவனோ நம்ம காசை உருவப் பாக்குறான். யாரு போன் போட்டு நம்பர் கேட்டாலும் வாயத் தொறக்காத. நான் பேங்குக்குப் பேசி கார்டை முடக்கிட்டேன்.”

“சரிங்க” என்றாள் பாண்டிச்செல்வி. உருவப் பார்த்தது தான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கார்டைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் பேங்குக்கு நடந்தார்கள். அதற்குப் பிறகு வாங்கிப் படிக்கும் யோசனை அவளுக்கு வந்ததே இல்லை. குரூப்பில் ஒரு தட்டுத் தட்டினால் வந்து விழுகிறது. ஓடிபி கேட்பதில்லை, புருஷன் கூப்பிடுவதில்லை. தீபாவளி ஓவர்டைம் முடிந்து ஆற அமர வந்தாலும் கதை அங்கேயே கிடக்கிறது. இதில் திருட்டு என்று ஒன்று இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கிய வாரப் பத்திரிகையைத் தெருவே வாங்கிப் படிப்பதில்லையா, அது மாதிரித்தான் நினைத்துக்கொண்டாள்.

இப்படி வந்ததுதான் ஸ்ரீவர்ஷினி எழுதிய ‘ஏழாம் நம்பர் பங்களா மருமகள்’. அடேயப்பா, அந்தக் கதை பின்கட்டைப் பிடித்து ஆட்டிவிட்டது. மதுவந்தி என்று ஒரு நல்ல பெண். அவளுக்குப் புருஷன் ஆதித்யா என்று ஏழு கம்பெனிக்கு முதலாளி. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவளைச் சந்தேகப்பட்டுக் கொட்டும் மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அன்றைக்கு முத்துத்தாய் கையிலிருந்த நைட்டியின் கழுத்துப் பட்டியையே வெட்டிவிட்டாள். உசிலம்பட்டியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள் அவள். கோபக்காரி. ஆதித்யாவை அவள் திட்டிய திட்டில் பாதியைக்கூட அச்சில் போட முடியாது.

மூன்று வாரம் ஓடியது. நாற்பத்தோராம் அத்தியாயத்தில் ஆதித்யாவுக்கு உண்மை தெரிந்து, மதுவந்தி வாடகைக்கு இருக்கும் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். கதவைத் தட்டுகிறான். பாண்டிச்செல்வி குரலைத் தாழ்த்தி, “மதுவந்தி கதவைத் திறந்தாள்” என்று படித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கீழே தள்ளினாள்.

கீழே கதை இல்லை. தடித்த எழுத்தில் வேறு என்னவோ இருந்தது.

‘கடைசி அத்தியாயம் நூலில் மட்டும். இதைத் திருட்டுப் பிடிஎஃப்பில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழு மாதம் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து நான் எழுதியதை நீங்கள் ஏழு நொடியில் எடுத்துக்கொண்டீர்கள். கதவைத் திறந்தபின் மதுவந்தி என்ன சொன்னாள் என்பது உங்களுக்குத் தெரியவே வேண்டாம். ஸ்ரீவர்ஷினி.’

முன்பக்கத்தை வெட்டிய புண்ணியவான் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை.

பாண்டிச்செல்விக்கு முகம் சுட்டது. யாரோ நேராக வந்து கையைப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது. தலையை நிமிர்த்தினாள். பதினோரு பேரும் கத்தரியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். கதவோரம் வெள்ளைத்துரை நோட்டை மூடியே விட்டார். மூன்று வாரமாக அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இவர்கள். இவர்களிடம் போய், ‘நாம எல்லாரும் திருடங்களாம், முடிவு கிடையாதாம்’ என்று எப்படிப் படிப்பது? அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கு இரண்டு மணிக்கு இந்த இடம் இருக்குமா?

“என்னக்கா, வாய்க்குள்ளயே படிக்கிற? என்னதான் சொன்னா?” என்று முத்துத்தாய் அதட்டினாள்.

“இருடீ, எழுத்து பொடிசா இருக்கு” என்றாள் பாண்டிச்செல்வி. பிறகு அந்த வசவையே பார்த்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் படிக்க ஆரம்பித்தாள்.

மதுவந்தி அழவில்லை. ஆதித்யாவை ஏற இறங்கப் பார்த்தாள். தெருவில் அப்போதுதான் தண்ணீர் வந்திருந்தது. இரண்டு நாளைக்கு ஒரு தரம் வரும் தண்ணீர். மதுவந்தி ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். ‘முதலில் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்’ என்றாள். ஏழு கம்பெனி முதலாளி, தெருக்குழாயில் பதினாலாவது ஆளாகக் குடத்தோடு நின்றான். முன்னால் நின்ற கிழவி அவன் காலை மிதித்துவிட்டு அவனையே திட்டினாள். சட்டையெல்லாம் நனைந்து குடத்தோடு வந்தவனிடம் மதுவந்தி சொன்னாள்: ‘நான் பங்களாவுக்கு வரமாட்டேன். இந்த வீட்டு வாடகைப் பத்திரம் என் பேரில் இருக்கிறது. இங்கே இருந்து என்னை யாரும் வெளியே தள்ள முடியாது. உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் வாருங்கள்.’ ஆதித்யா ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தான்.

“முற்றும்” என்றாள் பாண்டிச்செல்வி.

பின்கட்டில் எழுந்த சத்தத்தில் முன் ஹாலில் இரண்டு மெஷின் நின்றுவிட்டது. முத்துத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எம் மனசுல இருந்து எடுத்து எழுதுன மாதிரி இருக்குக்கா. அவ கைய எடுத்துக் கும்புடணும்” என்றாள். வெள்ளைத்துரை கனைத்துக்கொண்டு, “சரி சரி, வேலையப் பாருங்க” என்றார். அவர் குரலும் ஒரு மாதிரிதான் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் தேவலை. முத்துத்தாய்க்குக் காலேஜ் படிக்கும் மகள் ஒருத்தி உண்டு, ரோகிணி என்று. அம்மா சொல்லச் சொல்ல அவள் ஸ்ரீவர்ஷினியின் வலைத்தளத்துக்கு ஒரு கடிதமே எழுதிப் போட்டுவிட்டாள். பச்சைக் குடம், பதினாலாவது ஆள், கழற்றி வைத்த செருப்பு எல்லாவற்றையும் பாராட்டி, கம்பெனி விலாசத்தையும் விவரமாகக் கொடுத்திருந்தாள். பாண்டிச்செல்விக்கு இது ஒன்றும் தெரியாது.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் ஒரு அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சுங்குடிச் சேலை, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, கையில் துணிப்பை. போனில் யாரிடமோ சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொண்டே வந்தவர், பேச்சை முடித்துவிட்டு வெள்ளைத்துரையிடம் ஏதோ சொன்னார். வெள்ளைத்துரை அவரைப் பவ்வியமாகப் பின்கட்டுக்கு அழைத்து வந்தார்.

“இந்த அம்மா பேரு லலிதாம்பாள். மகால் பக்கமிருந்து வாராங்க. நீங்க கதை படிக்கிறதக் கேள்விப்பட்டு, கொஞ்ச நேரம் கேக்கணுமாம்.”

லலிதாம்பாள் நாற்காலி வேண்டாம் என்று பாண்டிச்செல்விக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். “பங்களா மருமகள் படிச்சீங்களாமே? அதோட கடைசி அத்தியாயத்தை இன்னொரு தடவை படிங்களேன்” என்றார்.

பாண்டிச்செல்வி போனை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். “அது முடிஞ்சிருச்சும்மா. இப்ப வேற கதை ஓடுது.”

“அட, படி அக்கா. இன்னொரு தரம் கேட்டா என்ன தேஞ்சா போயிரும்?” என்று முத்துத்தாய் முந்திக்கொண்டாள். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லை. பாண்டிச்செல்வி போனை எடுத்து அந்தப் பக்கத்துக்குப் போனாள். அந்த அம்மா பார்க்காதபடி போனைச் சாய்த்துப் பிடித்தாள். சாய்த்தும் பிரயோசனமில்லை. பக்கத்தில் இருந்தவர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு நன்றாகவே பார்த்தார். திரையில் அந்த வசவு தடித்த எழுத்தில் கிடந்தது.

அவள் ஆரம்பித்தாள். மதுவந்தி அழவில்லை. ஒரு நீலக் குடத்தை எடுத்து...

“பச்சைக் குடம்” என்றாள் ஒருத்தி.

“ஆமா, பச்சை” என்று திருத்திக்கொண்டாள் பாண்டிச்செல்வி. அவன் போய்த் தண்ணீர் பிடித்தான். திரும்பி வந்தான். மதுவந்தி வாடகைப் பத்திரத்தைச் சொன்னாள். ஆதித்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்...

“எங்கிட்டு அழுதான்?” முத்துத்தாய் கத்தரியைக் கீழே வைத்தாள். “அன்னைக்கு அவன் வாயே தொறக்கல. செருப்பக் கழட்டி வச்சான்னுதான படிச்ச? எனக்குப் புடிச்சதே அதான். எழுதி வச்சதப் படிக்கிறதுக்கு இம்புட்டு வித்தியாசம் எப்படிக்கா வரும்?”

சரியாக அந்த நேரத்தில் விமானம் வந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. எப்போதும் அவளுக்குப் பெருமை சேர்க்கும் அந்த அரை நிமிஷம் அன்றைக்கு அவளைக் கொன்றது. பதினோரு பேர் முகத்திலும் ஒரே கேள்விதான் இருந்தது. பொய் என்று தெரிந்துவிட்டால் இனிமேல் இவள் படிக்கும் எதையும் யார் நம்புவார்கள்? எல்லாம் போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள்.

சத்தம் அடங்கியதும் லலிதாம்பாள் பேசினார்.

“பச்சைக் குடம்தான். அவன் அழல. செருப்பைத்தான் கழட்டி வச்சான். இவங்க கண்ணாடி போடாமப் படிக்கிறாங்க, அதான் வரி மாறுது.” பிறகு சாதாரணமாகச் சொன்னார்: “எனக்குத் தெரியாதா? ஸ்ரீவர்ஷினிங்கிறது என் மகள் பேரு. அந்தப் பேர்ல கதை எழுதுறது நான்.”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அங்கே யாரும் பிசிறு வெட்டவில்லை. முத்துத்தாய் நிஜமாகவே எழுந்து அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டாள். வெள்ளைத்துரை டீ வாங்கி வர ஓடினார்.

டீ குடித்து முடித்ததும் லலிதாம்பாள் பாண்டிச்செல்வியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். பாண்டிச்செல்வி அழுதேவிட்டாள்.

“என்னை மன்னிச்சிருங்கம்மா. உங்களத் திருடணும்னு நெனைக்கல.”

“நினைக்கல, சரி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“யாருகிட்டக் கேக்கம்மா? எங்களுக்கு வாரதுல மொதப் பக்கமே இருக்காது. நீங்க மெட்ராசோ, சிங்கப்பூரோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இங்கன மகால் பக்கம் இருக்கீங்கன்னு கண்டேனா?” ஓடிபி கதையையும் சொன்னாள். லலிதாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும், “கோவமாத்தான் கிளம்பி வந்தேன்” என்றார். “ரோகிணி எழுதினதைப் படிச்சதும் எவளோ என் கதையில கை வச்சுட்டாளேன்னு ரத்தம் கொதிச்சுது. ஆட்டோவுல வரும்போதுதான் யோசிச்சேன். கதவைத் திறந்தாள்னு எழுதிட்டு நாலு நாள் நானும் முழிச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் வரல. அவ அவன் மார்ல சாய்ஞ்சு அழுதா, பங்களாவுக்குப் போனா, இரட்டைக் குழந்தை பொறந்துதுன்னு போட்டு முடிச்சுட்டேன். புத்தகத்துல அதான் இருக்கு. எனக்கே பிடிக்கல.” கொஞ்சம் தயங்கினார். “அடுத்த பதிப்புல உங்க முடிவைப் போடணும்னு ஆசைப்படறேன். எடுத்துக்கட்டுமா?”

“என்னம்மா எங்கிட்டப் போய்க் கேக்குறீங்க? கதையே உங்களோடதுதான?”

“கதை என்னோடது. குடம் உங்களோடது.”

பாண்டிச்செல்வியிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டு எடுத்ததில்லை. “எடுத்துக்கங்கம்மா” என்றாள்.

மூன்று மாதம் கழித்துப் பார்சல் வந்தது. பின்கட்டுப் பெண்கள் சுற்றி நிற்க, பாண்டிச்செல்வி கத்தரியால் பிரித்தாள். அட்டையைத் திருப்பியதும் முதல் பக்கத்தில், புத்தகத்தின் பேருக்கும் ஆசிரியர் பேருக்கும் கீழே, ஒரு வரி இருந்தது. ‘கடைசி அத்தியாயத்தைச் சொன்னவர்: பாண்டிச்செல்வி, அவனியாபுரம்.’

முத்துத்தாய் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுபடி படித்தாள். “அடிப்பாவி, அம்புட்டும் நீ விட்டதா?”

பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று மாதமாக இந்த நொடியை நினைத்துத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

“எங்களுக்குன்னே ஒரு முடிவு செஞ்சு குடுத்துட்டு, அதக் கமுக்கமா வேற வச்சிருந்தியாக்கும்?” என்று முத்துத்தாய் அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். “இனிமே எந்தக் கதையாவது கோணலா முடிஞ்சா நீயே நிமுத்திரு. ஆனா முன்கூட்டியே சொல்லிப்புடு.” எல்லோரும் சிரித்தார்கள். புத்தகம் பன்னிரண்டு கை மாறி, பதிமூன்றாவதாக வெள்ளைத்துரை கைக்கும் போய்த் திரும்பியது.

மறு வாரம் பழைய குரூப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. ‘ஏழாம் நம்பர் பங்களா மருமகள், புதிய முடிவுடன்’. ஒரே நாளில் ஆறாயிரம் பேர் இறக்கியிருந்தார்கள். பாண்டிச்செல்விக்கு முதலில் வந்தது பெருமைதான். ஆறாயிரம் பேர்! அவசரமாகத் திறந்தாள். நேராக ‘அத்தியாயம் ஒன்று’ என்று ஆரம்பித்தது. மேலே தள்ளிப் பார்த்தாள். திரும்பத் திறந்து பார்த்தாள். அவள் பேரைக் காணோம்.

‘மொதப் பக்கம் எங்க?’ என்று குரூப்பில் தட்டினாள்.

யாரோ ஒருவன் உடனே பதில் போட்டான். ‘அக்கா, கதை முழுசா இருக்கு. அந்தப் பக்கத்துல ஒண்ணும் இல்ல, வெறும் பேருதான்.’

வெறும் பேருதான். அவளுக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்தது. திட்டுவதற்கு நான்கு வரி தட்டினாள். தட்டிய பிறகு பார்த்தால், லலிதாம்பாள் எழுதியிருந்த வசவைத்தான் கிட்டத்தட்ட அப்படியே எழுதியிருந்தாள். அதை அழித்துவிட்டுக் குரூப்பை விட்டு வெளியே வந்தாள்.

மணி இரண்டு அடித்தது. பதினோரு பேரும் அவள் பங்குத் துணியை இழுத்துத் தங்கள் பக்கம் போட்டுக்கொண்டார்கள். வெள்ளைத்துரை நோட்டோடு கதவோரம் வந்து நின்றார். குடம் தூக்கும் கதையை முதலிலிருந்து அச்சில் இருக்கிறபடி ஒரு தரம் கேட்க வேண்டும் என்று முத்துத்தாய் ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

பாண்டிச்செல்வி போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் புத்தகத்தை மடியில் விரித்தாள்.

“நேரா ஒண்ணாம் அத்தியாயத்துக்குப் போயிரு அக்கா” என்றாள் முத்துத்தாய்.

“கொஞ்சம் பொறு. அதுக்கு முன்னாடி ஒரு பக்கம் இருக்கு” என்றாள் பாண்டிச்செல்வி. புதிதாக வாங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுதியவர் பேரிலிருந்து ஒரு வரி விடாமல் படிக்க ஆரம்பித்தாள்.